ஜன்னலோர நாற்றுக்குக் கொடைக்கானலில் எவ்வளவு நாள்?

வெளிநாட்டு விதை உறைகளின் பின்புறம் பெரும்பாலும் ஒரே குறிப்புதான் இருக்கும். கடைசி உறைபனிக்கு ஆறு அல்லது எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் விதைத்து, பனி நின்றதும் வெளியே நடச் சொல்லும். குளிர்காலம் முழுக்க நிலம் உறைந்து கிடக்கும் நாடுகளில் அது சரியான யோசனை. அங்கே கோடை குறுகியது. தக்காளி காய்த்து முடிய வேண்டுமானால் குளிர்காலம் முடிவதற்குள் நாற்று கையில் இருந்தாக வேண்டும்.

கொடைக்கானலிலும் உறைபனி உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் பள்ளமான இடங்களில் புல் வெளுத்துக் கிடக்கும். ஆனால் ஊர் இருப்பது வட அட்சரேகை பத்துப் பாகையில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான். தவறவிட்டால் போய்விடும் என்று சொல்லும்படியான கோடை இங்கே கிடையாது. அதனால் பருவத்தை முந்துவது என்ற காரணம் இந்த மலையில் செல்லுபடியாகாது. வீட்டுக்குள் நாற்று விடுவதற்கு இங்கே வேறு காரணங்கள் வேண்டும். அவை இருக்கவும் செய்கின்றன.

முதல் காரணம் இரவுக் குளிர். தக்காளி விதை நன்றாக முளைக்க 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. 10 டிகிரிக்குக் கீழே அது மண்ணுக்குள்ளேயே கிடந்து அழுகும். மிளகாயும் கத்தரியும் இன்னும் அதிகச் சூடு கேட்பவை. பனிக்கால இரவில் திறந்தவெளி மண் இவற்றுக்கு உதவாது. அடுப்படி அலமாரியின் மேல்தட்டு உதவும். இரண்டாவது காரணம் மழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பாத்தியில் தூவிய பொடி விதை அப்படியே ஓடிவிடும். தப்பிப் பிழைத்த முளையை நத்தை தின்றுவிடும். மூன்றாவது, வீரிய ஒட்டு விதையின் விலை. எண்ணிப் போட்ட பத்து விதையைக் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து மூடினால் ஒன்றுகூட வீணாகாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. முளை எப்படி வளைந்து மேலே வருகிறது, விதையிலைக்கும் உண்மையான இலைக்கும் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் அவர் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்க முடிகிறது. இந்தக் கவனிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

விதை முளைத்த பிறகுதான் பழுது தொடங்குகிறது. விதைக்கு வேண்டியது சூடும் ஈரமும். முளைத்த நாற்றுக்கு வேண்டியது வெளிச்சமும் காற்றோட்டமும். விதைக்கு நன்மை செய்த அதே அலமாரி, பச்சை தலைகாட்டிய மறுநாளே அதற்குக் கேடாகிவிடுகிறது. பழைய மலை வீடுகளில் ஜன்னல்கள் சிறியவை. மதியத்துக்கு மேல் மூடுபனி வந்து ஊரையே மூடிக்கொள்ளும். வெளிச்சம் தேடி நாற்றின் தண்டு நூலாக நீண்டு, தன் தலையைத் தானே தாங்க முடியாமல் சாய்கிறது. தெற்குப் பார்த்த ஜன்னலில் வை என்று புத்தகம் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சொன்னது. இங்கே ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. கொடைக்கானலில் நம்பத்தக்கது காலை வெயில், ஆகவே கிழக்கு ஜன்னல்.

அடுத்தது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் மண்மட்டத்தில் தண்டைத் தாக்கும். தண்டு நீர்கோத்து மெலிந்து, தட்டில் பாதி நாற்று ஓரிரு நாளில் படுத்துவிடும். துவைத்த துணி நாள்கணக்கில் காயாத மாதங்களில், சாத்திய அறைக்குள் தட்டைப் பாலித்தீன் உறையால் மூடி வைப்பது அந்தக் கிருமிகளுக்கு விருந்து. விதையில் டிரைக்கோடெர்மா விரிடியோ சூடோமோனாஸோ கலந்து விதைக்கலாம். மேலே தெளிப்பதை விட்டுவிட்டு, தட்டை ஆழமில்லாத தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுக்கலாம். ஆனால் இவற்றைவிடப் பெரிய மருந்து, முளை வந்தவுடன் உறையை எடுத்துவிடுவதுதான்.

மூன்றாவது பழுது பலர் கண்ணில் படுவதில்லை. உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிர் கூடும்; ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு அளவில். ஜன்னல் கண்ணாடியோ அதில் சுடும் பகுதியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. கண்ணாடிக்குள்ளேயே ஒரு மாதம் வளர்ந்த நாற்றை மலை வெயிலில் ஒரே நாளில் வைத்தால் இலை வெள்ளைத் திட்டாகக் கருகும். குளிர்தான் காரணம் என்று நினைத்து மறுபடி உள்ளே தூக்கி வருவார்கள். நாற்று இன்னும் நோஞ்சானாகும். முதலில் திண்ணையில் ஒரு மணி நேரம், பிறகு அரைப்பொழுது, பிறகு இரவும் வெளியே என ஒரு வாரம் பத்து நாள் பழக்கினால் இந்தச் சேதம் வராது.

எல்லா விதைக்கும் தட்டு என்பதும் தவறு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் கேரட்டை நேரடியாகத்தான் விதைக்கிறார்கள். குழித்தட்டில் முளைக்கவைத்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபட்டு, கிழங்கு கிளைத்துக் கோணிப்போகும். பீன்ஸும் முள்ளங்கியும் இடமாற்றத்தை விரும்புவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைப் பல் பிரித்து ஊன்றுகிறார்கள். முட்டைக்கோசும் நூக்கோலும் குளிரிலேயே முளைக்கும். மழைக்கு மறைப்புள்ள மேட்டுப்பாத்தி நாற்றங்கால் அவற்றுக்குப் போதும். உள்ளறை உண்மையிலேயே உதவுவது தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற சூட்டுப் பயிர்களுக்குத்தான். அதுவும் முளைக்கும் வரை மட்டுமே.

இந்த மலையின் இயற்கைக் காடான சோலையில் வளரும் மரங்களின் கதை வேறு. அவற்றில் பலவற்றின் விதை உலர்ந்தால் உயிர் போய்விடும். உறையில் அடைத்து அடுத்த பருவத்துக்கு வைக்க முடியாது. பழுத்து விழுந்ததும் விதைக்க வேண்டும். முளைத்த கன்று நிழலில் மெதுவாக வளரும். ஒளிக்குறைவு தக்காளி நாற்றைப் போல அதை நலிய வைக்காது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில், சோலைப் பாதுகாப்பில் ஈடுபட்ட பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் சோலைக் கன்றுகளுக்கென்றே நாற்றங்கால் வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அந்நிய மரத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருவதையும் அவர்கள் கவனித்துச் சொன்னார்கள். பறவை தின்று போட்ட விதைக்கு ஈரச் சருகும் மேல்நிழலும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நாற்றங்காலின் வேலை, பறவையால் எட்ட முடியாத அரிய இனங்களை வளர்த்துக் கொடுப்பதோடு நின்றுவிடலாம். வீட்டில் சோலைக் கன்று வளர்க்க ஆசைப்படுபவர் ஜன்னலைத் தேட வேண்டாம். கொல்லைப்புறத்து மரத்தடியில், பழுத்த விதையைச் சருகு மண்ணில் ஊன்றி மாதக்கணக்கில் காத்திருக்க மனம் இருந்தால் போதும்.