மைப்பேனாப் பாசம்

மைப்பேனா என்று பேச்செடுத்தால் போதும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உருகத் தொடங்கிவிடுகிறார்கள். ஹீரோ பேனாவின் பொன்னிற மூடி, பிரில் மைப்புட்டி, பெஞ்சில் சிந்திய மையைச் சாக்பீஸால் ஒற்றி எடுத்தது என்று அது நீண்டுகொண்டே போகும். இந்த உருக்கத்தில் பேனாவுக்குச் சேர வேண்டியது எவ்வளவு, போய்விட்ட வயதுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாமே.

பேனாவின் பங்கு குறைவில்லை. பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது கெட்டியான எண்ணெய் மை. குண்டு உருண்டால்தான் அது தாளில் இறங்கும், குண்டு உருள அழுத்தம் வேண்டும். மைப்பேனாவின் மையோ தண்ணீராக இருக்கும். நிப்பின் நடுப்பிளவு வழியே தானாக வந்து நிற்கும். முனை தாளைத் தொட்டதுமே இறங்கிவிடும். கைக்கு எழுதுகிற வேலை மட்டும்தான், அமுக்குகிற வேலை இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்திலேயே வளைந்து பழகிய எழுத்து நம்முடையது. 'ணை', 'ஞ', 'ழு' எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும்போது கைக்குக் கிடைக்கும் சுகம் கற்பனையன்று. ஒரு நிபந்தனை உண்டு: முனை மெல்லியதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய மீடியம் நிப்பில் பொடி எழுத்தாகத் தமிழ் எழுதிப் பாருங்கள், சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு கரும்பொட்டாக நிற்கும். ஜப்பானிய ஃபைன் அதைவிட மெலிது. நமக்கு அதுவே தோது.

அடுத்து, பேனாவை இரவல் கொடுக்கக் கூடாது என்ற பழைய கண்டிப்பு. நிப்பு ஒருவர் கைக்குப் பழகிவிடும், வேறொருவர் எழுதினால் கெட்டுவிடும் என்பார்கள். பாதி உண்மை. நிப்பின் நுனியில் இருக்கும் மணி மிகக் கடினமான உலோகக் கலவை. அது தேய்வதற்குப் பல வருடங்கள் ஆகும். இரவல் வாங்கியவர் பால்பாயிண்ட் பழக்கத்தில் அழுத்தினால் நிப்பின் இரண்டு இதழ்களும் விலகும், மை தாறுமாறாக இறங்கும். கெடுவது அப்படித்தான். மற்றபடி நிப்பு கைக்குப் பழகுவதைவிட, கைதான் நிப்புக்குப் பழகுகிறது. எந்தச் சாய்வில் பிடித்தால் கீறாது என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. கழுவி, உலர்த்தி, மை நிரப்பி, ஒரே பேனாவோடு வருடக்கணக்கில் மாரடித்தவருக்கு அதன் மேல் பாசம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

மிகைக்கு வருவோம். மைப்பேனா கையெழுத்தைத் திருத்தும் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்; கோழிக் கிறுக்கல் மைப்பேனாவிலும் கோழிக் கிறுக்கலே. மூளைக்கு நல்லது என்பவர்கள் 2014-இல் அமெரிக்காவில் முல்லரும் ஓப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வைத் துணைக்கு அழைப்பதுண்டு. மடிக்கணினியில் குறிப்பெடுப்பதையும் கையால் எழுதுவதையும் ஒப்பிட்ட ஆய்வு அது. எந்தப் பேனா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

எனக்கு ஆகவே ஆகாத வாதம், மைப்பேனாவில் எழுதிய கடிதம் காலத்துக்கும் நிற்கும் என்பது. பள்ளிப் பிள்ளைகளுக்காக விற்கும் நீல மை, சட்டையில் பட்டாலும் துவைத்தால் போக வேண்டும் என்றே செய்யப்படுவது. அதில் எழுதிய கடிதத்தில் ஒரு துளி தண்ணீர் விழட்டும், மாமாவின் விசாரிப்புகள் நீலத் திட்டாகிவிடும். வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுக்கும். இரும்புச் சத்து கலந்த பழைய ப்ளூ-பிளாக் மை வேறு ரகம். காற்றுப் பட்டுக் கறுத்துத் தாளைக் கவ்விக்கொள்ளும். அதை விட்டால், பாதுகாக்க வேண்டிய கடிதத்துக்குப் பால்பாயிண்டே மேல். தண்ணீர் அதன் எண்ணெய் மையை அவ்வளவு எளிதில் கரைக்காது.

கடைத்தெருவில் பால்பாயிண்ட் வென்றதற்கு விலை மட்டும் காரணமில்லை. பில் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதினால் அழுத்தம் அடித்தாள் வரை இறங்க வேண்டும். நிப்பால் அது முடியாது. மலிவான நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவும். இடக்கைக்காரர்களை யாரும் கேட்பதே இல்லை: எழுதிய வரி காய்வதற்குள் அவர்கள் கை அதன் மேலேயே போய்விடுகிறது.

ஒரு காலத்தில் பேனாவின் மதிப்பு அரசியலிலும் இருந்தது. ராஜமுந்திரியில் ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பாராட்டிக் காந்தி 1935-இல் கடிதம் எழுதினார். வங்கத்தில் சுலேகா மை பிறந்ததும் அதே உணர்விலிருந்துதான். இன்றைய பாசமோ சேகரிப்பாக மாறிவிட்டது. நாற்பது பேனா, இருபது புட்டி மை. எதிலும் ஒரு நோட்டுகூட முழுதாக எழுதி முடிந்திருக்காது. முறை வருவதற்குள் பாதிப் பேனாவில் மை காய்ந்து கிடக்கும். உழைப்பால் வந்த பற்றை வாங்கிக் குவிப்பதால் ஈடுகட்ட முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் இப்படிச் சேகரிப்பவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. திருவள்ளூரில் இன்றும் எபோனைட் தண்டை லேத்தில் கொடுத்துக் கையால் பேனா கடைகிறார்கள். அந்தப் பேனாக்களைத் தேடி வாங்குபவர்களில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் உண்டு. எனக்குப் பிடித்தபடி ஆளுக்கொரு பேனாவோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டால், அந்தப் பட்டறைக்கு அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்?