பருத்தி தண்ணீரைச் சேமிக்கணுமா, செலவழிக்கணுமா?

வறட்சி பற்றிப் படிப்பவர்கள் தவறவிடக்கூடாத ஒரு கட்டுரை உண்டு. பயிர் ஆய்வாளர் ஆபிரகாம் புளூம் 2009-இல் 'ஃபீல்ட் கிராப்ஸ் ரிசர்ச்' இதழில் எழுதியது. வறட்சியில் விளைச்சல் வேண்டுமென்றால் பயிர் தண்ணீரை மிச்சம் பிடிப்பது முக்கியமில்லை, மண்ணில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்துவதுதான் முக்கியம் என்கிறார்.

வாதம் எளிமையானது. 'நீர்ப் பயன்பாட்டுத் திறன்' என்பது ஒரு வகுத்தல் கணக்குதானே? விளைச்சல் மேலே, செலவான தண்ணீர் கீழே. கீழே உள்ள எண்ணைக் குறைத்தாலே விடை பெரிசாகிவிடும். இலைத்துளையை மூடிக்கொண்ட செடிக்குத் தண்ணீர் மிச்சம்தான். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, இலையும் சூடாகும். கடைசியில் செடி சின்னது, விளைச்சல் கம்மி, திறன் மட்டும் பிரமாதம்! எங்கள் சாஃப்ட்வேர் தொழிலிலும் இந்தக் கூத்து உண்டு: எதை அளக்கிறோமோ அது மட்டும் அழகாக இருக்கும்.

பருத்தியிலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் பாசனத்தில் விளையும் பிமா பருத்தியில், விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த புதிய ரகங்களின் இலைத்துளைகள் பழையவற்றைவிட அதிகம் திறந்திருந்தன. நீராவியை வெளியே விட்டு, வெயிலில் இலையைக் குளிர வைத்துக்கொண்டன.

இதுவரை நான் புளூம் பக்கம்தான். இதைக் கரிசலுக்குக் கொண்டுபோகும்போதுதான் இடிக்கிறது.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, குளமும் கால்வாயும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே கோவில்பட்டி வரை போனால் கதையே வேறு. அங்கே மானாவாரிப் பருத்தியைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும். அதன்பிறகு காய் பிடிப்பதும் வெடிப்பதும் மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பித்தான். ஆரம்பத்திலேயே தாராளமாகக் குடித்துப் பெருத்த செடி, தை மாசம் சப்பையையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். அதற்காக ரொம்பவும் மிச்சம் பிடித்தாலும் நஷ்டம்தான்: கரிசல் வெடித்தால் அந்த விரிசல் வழியாகவே ஈரம் போய்விடும்.

ஆக, புளூம் 'எவ்வளவு' என்று கேட்கிற இடத்தில் கரிசல் 'எப்போ' என்று கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் 2002-இல் வெளியான டிரைஸ்டேல் கோதுமை, அவர் குறை சொல்லும் அதே நீர்த்திறனை வைத்துத் தேர்ந்தெடுத்த ரகம்தான். மண்ணில் தேங்கிய ஈரத்தை நம்பும் நிலங்களில் சிக்கனத்துக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பழைய நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியின் பலம் ஆழமாக இறங்கும் ஆணிவேர். மேல்மண் காய்ந்த பிறகும் அடியில் உள்ள ஈரம் அதற்கு எட்டும்.

அதனால் ஒரு ரகத்தை 'வறட்சியைத் தாங்கும்' என்று யாராவது சொன்னால் ரெண்டு கேள்வி கேளுங்கள். எந்த மாசத்து வறட்சி? செடி சாகாமல் நிற்குமா, இல்லை பஞ்சும் கொடுக்குமா? சாகாமல் நின்றதற்காக மட்டும் எந்த வியாபாரியும் விலை கொடுப்பதில்லை.