பட்டை வளையும் அழகு

காட்டாங்குளத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையின் லாரி இரைச்சலை விட்டு உள்ளே இறங்கி, ஏரிக்கரையை ஒட்டிய மண்பாதையில் பழைய மாருதி ஜிப்சி ஒன்று ஏறும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். இடது முன்சக்கரம் கரைமேட்டின் மேல் நிற்கிறது. வலது முன்சக்கரம் மழை அறுத்த ஓடைக்குள் இறங்கியிருக்கிறது. அச்சு ஏற்றக்கோல்போல் ஒரு பக்கம் தூக்கி நிற்க, மேலே வண்டியின் உடம்போ இலேசாகத் தலை சாய்த்ததோடு சரி. நான்கு டயர்களும் மண்ணை விடவில்லை. ஆஃப்-ரோடு பிரியர்கள் ஃப்ளெக்ஸ் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வது இந்தக் காட்சியைத்தான்.

இந்த அழகுக்குப் பயனும் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சாதாரண டிஃபரன்ஷியல் சுழற்சியை எல்லாம் அதற்கே கொடுத்துவிடும். அது காற்றில் வெறுமனே சுற்றும், மண்ணில் நிற்கும் ஜோடிச் சக்கரம் அசையாது. அதனால்தான் மேடுபள்ளத்தில் குதிரைசக்தியைவிட, சக்கரம் தரையைத் தேடி இறங்கும் அந்தப் பணிவுக்கு மதிப்பு அதிகம்.

இனி, அந்தப் பணிவைத் தரும் பட்டைக்கட்டுக்கு, அதாவது லீஃப் ஸ்பிரிங்குக்கு வருவோம். 1985-ல் இந்தியச் சாலைக்கு வந்த ஜிப்சி, 2019-ல் விடைபெறும்வரை நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டது. நம் கிராமத்து வில்வண்டிக்கும் மஹிந்திராவின் பழைய ஜீப்புகளுக்கும் இதே குலம்தான். நீளமான மெயின் பட்டை மேலே, அதற்குக் கீழே படிப்படியாகக் குறுகும் துணைப் பட்டைகள், நடுவில் எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கும் ஒரே ஒரு சென்டர் போல்ட். பாரம் தாங்குவதும் இதுவே, அச்சை முன்னே பின்னே நகராமல் பிடிப்பதும் இதுவே, குலுக்கலில் கொஞ்சத்தை உராய்வால் விழுங்குவதும் இதுவே. எத்தனை வேலைகளை எவ்வளவு அமைதியாகச் சுமக்கிறது அந்த வளைந்த எஃகு!

பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் நடப்பதுதான் இதன் முதல் நயம். கட்டு வளையும்போது ஒவ்வொரு பட்டையும் தன் அண்டைப் பட்டையின்மேல் மயிரிழை அளவு சறுக்குகிறது. துருவும் சேறும் ஏறிவிட்டால் சறுக்கல் நின்று, பல பட்டைகள் சேர்ந்து ஒரே தடித்த கட்டையாகிவிடும். தேர்ந்த கை கட்டைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் எஃகின் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்க்கும். அதன்பின் துணைப் பட்டைகளின் முனையைத் தடவிப் பாருங்கள். மேல் பட்டையில் உழுத கோடு தெரிகிறதா? வெட்டிய முனையின் கூர்விளிம்பு போட்ட கோடு அது. அரம் பிடித்து அந்த விளிம்பை உருட்டிவிட்டு, மெல்லிய பூச்சாய் கிராஃபைட் கிரீஸ் தடவி மறுபடி கட்டினால், அதே பட்டைகள் புது மிருதுவோடு அசையும்.

கனத்தில் இருக்கும் நுட்பமும் ரசிக்கத்தக்கது. ஒரு பட்டையின் கனத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒன்றாகும். ஆகவே, சில தடித்த பட்டைகளைவிடப் பல மெல்லிய பட்டைகள் நளினமாக வளையும். ஆனால் பட்டை கூடக் கூட உராயும் முகங்களும் கூடும். முன்பு சொன்ன அரமும் கிரீஸும் இங்கேதான் தம் அருமையைக் காட்டுகின்றன.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் சின்னஞ்சிறியவை, கண்ணில் படாதவை. அச்சு சாயும்போது பட்டைகள் வளைவது மட்டுமல்ல, தம் நீளவாக்கில் முறுகவும் வேண்டும். இறுகிய கிளிப் அந்த முறுக்கை மறுக்கிறது. அதற்காகக் கழற்றி எறிந்தால், சக்கரம் தொங்கும்போது மெயின் பட்டை தனியாக அச்சைச் சுமக்கும், மற்றவை பக்கவாட்டில் விசிறியாய் விரியும். கொஞ்சம் நெகிழ்த்தி, மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி கொடுப்பதில்தான் கைப்பக்குவம்.

பட்டைக்கட்டின் ஒரு முனையை வண்டிச் சட்டகத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் ஊசலாட்டம் இன்னொரு அழகு. பட்டை தட்டையாகும்போது அதன் இரு முனையிலும் சுருட்டிய கண்களுக்கு நடுத் தூரம் நீள்கிறது, தொங்கி வளையும்போது சுருங்குகிறது. அந்த நீட்சிக்கும் சுருக்கத்துக்கும் வழிவிட்டு முன்னும் பின்னும் ஆடுகிறது ஷேக்கிள். நீளமான ஷேக்கிள் போட்டால் வீச்சு கூடும்தான். ஆனால் முன்பக்கத்தில் அளவு மீறினால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் கோணம் மாறி, வேகத்தில் ஸ்டீயரிங் அலையும். தாராளத்துக்கும் அடக்கத்துக்கும் நடுவே ஒரு நீளம் இருக்கிறது. அதைக் கண்டுகொள்பவர் கலைஞர்.

பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷை முடுக்கும் முறையில்கூட ஒரு நாகரிகம் உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே கண் போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே வாழ வேண்டும். முதலில் சக்கரத்தில் பாரம் இறங்கட்டும், வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கட்டும், அதன்பின் ஸ்பேனர் பேசட்டும். ரப்பர் அப்போதுதான் இரு பக்கமும் சமமாக இசைந்து கொடுக்கும்.

இவ்வளவு நெகிழ்ந்த பட்டையை, நீளம் போதாத ஒரு ஷாக் அப்சார்பர் பாதி வழியில் பிடித்து நிறுத்திவிடக்கூடும். சக்கரம் முழுதாகத் தொங்கும் இடம்வரை எட்ட வேண்டும் அது. சக்கரம் மேலேறும்போதோ, ஷாக் அடிமுட்டுமுன் பம்ப் ஸ்டாப் குறுக்கே வந்து தாங்க வேண்டும். கூடவே பிரேக் ஹோஸுக்கும் போதிய தளர்வு. முன்பக்கம் ஆன்ட்டி-ரோல் பார் உள்ள வண்டியில், பாதை மண்ணாகும் இடத்தில் அதன் இணைப்பைக் கழற்றி, ஜி.எஸ்.டி. சாலை ஏறுமுன் மறவாமல் மாட்டுவதும் இந்த ரசனையின் பகுதியே.

காட்டாங்குளத்தூருக்குத் தெற்கே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியை ஒட்டிய மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருப்பெற்று 2020-ல் வந்த புதிய தார் வண்டி, பின்பக்கத்திலும் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. அதன் சொகுசு சொகுசுதான். ஆனால் அங்கே சுருள் பாரத்தைத் தாங்கும், லிங்குகள் அச்சைப் பிடிக்கும், ஆளுக்கொரு வேலை. பட்டைக்கட்டில் எல்லாம் ஒரே எஃகு என்பதால், ஒரு மூலையில் துரு நீங்கினாலும் அந்தச் சக்கரத்தின் முழு அசைவிலும் அது தெரிகிறது. இந்த நளினத்தில் பெரும்பங்கு புதிதாகப் பூட்டுவதால் வருவதில்லை. தடுப்பவற்றை ஒவ்வொன்றாய் விலக்குவதால் வருகிறது. அதற்கு வேண்டியவை ஓர் அரம், கொஞ்சம் கிரீஸ், நல்ல ஸ்பேனர், அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.