கோப்பைத் தாடி: ஒரு மதிப்பீடு

கொருக்குப்பேட்டையில் ஒருவன் பத்து நாள் சவரம் செய்யாமல் தெருவில் இறங்கினால் கேள்விகள் வரிசையாக வரும். "மாலை போட்டுக்கினியா?" "வூட்ல மாசமா கீறாங்களா?" "யாராவது தவறிட்டாங்களா?" மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினால் கடைசிக் கேள்வி சிரிப்போடு வரும்: "இன்னா மாமே, லவ் ஃபெயிலியரா?" விரதம், பிள்ளைப்பேறு, துக்கம், காதல் தோல்வி என்று தாடிக்கு இங்கே ஏற்கெனவே நான்கு காரணங்கள் உண்டு. தன் அணி கோப்பையை நெருங்கும்போது ரசிகன் வளர்க்கும் தாடியை ஐந்தாவதாகச் சேர்க்கலாமா? வடஅமெரிக்க ஐஸ் ஹாக்கியில் பிறந்த இந்த வழக்கம் கிரிக்கெட் ரசிகன் வழியாகவும் சமூக ஊடகம் வழியாகவும் நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. சிரித்து ஒதுக்காமல், சிலாகித்துத் தூக்கியும் வைக்காமல், அதை நிறுத்துப் பார்ப்போம்.

வழக்கத்தின் பூர்விகம் இது. நேஷனல் ஹாக்கி லீகில் பிளே ஆஃப் எனும் இறுதிக் கட்டம் தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் சவரக்கத்தியை எடுத்து வைத்துவிடுவார்கள். கோப்பை கைக்கு வரும்வரை அல்லது அணி வெளியேறும்வரை முகத்தில் கத்தி படாது. 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு முறை அந்த லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்ற நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிதான் இதைத் தொடங்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த அணியில் இருந்த ஸ்வீடன்காரர்கள் தங்கள் நாட்டு டென்னிஸ் வீரர் பியான் போர்க்கைப் பார்த்துப் பழகினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. போர்க் விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரமும் சவரம் செய்யமாட்டார். 1976 முதல் 1980 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றார்.

முதலில் எளிய கணக்கை முடித்துவிடலாம். தாடி வெற்றி தருமா? தராது. 1981இல் அதே போர்க் அதே தாடியோடு இறுதி ஆட்டத்தில் ஜான் மெக்கன்ரோவிடம் தோற்றார். 2016 ஸ்டான்லி கோப்பை இறுதியில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் ஜோ தோர்ன்டனும் பிரென்ட் பர்ன்ஸும் சாமியார் தாடியோடு இறங்கினார்கள். எதிரே பிட்ஸ்பர்க் அணித்தலைவர் சிட்னி கிராஸ்பி. அவர் முகத்தில் முளைத்ததைத் தாடி என்று சொல்லவே தயக்கம் வரும். கோப்பை 4-2 என்று கிராஸ்பியின் கைக்குப் போனது. இந்தச் சான்றுகள்கூடத் தேவையில்லை. பிளே ஆஃபுக்கு வரும் பதினாறு அணிகளிலும் தாடி வளர்கிறது, கோப்பை ஒன்றுதான். பதினைந்து அணிகளின் தாடி தோல்வியில்தான் மழிக்கப்படுகிறது.

அதிர்ஷ்டம் என்ற காரணம் இத்துடன் விழுகிறது. ஆனால் அந்தக் காரணம் விழுந்த பிறகும் வழக்கம் விழாமல் நிற்கிறது என்றால், அதைத் தாங்குவது வேறு ஏதோ ஒன்று. அதைத்தான் ஆராய வேண்டும்.

என் பார்வையில் அது கால அளவு. ஸ்டான்லி கோப்பைக்கு நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், நான்கை வென்றவர் மேலே போவார். கோப்பைக்குப் பதினாறு வெற்றி வேண்டும், அதற்கு இருபத்தெட்டு ஆட்டம்வரை ஆட நேரலாம். ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை ஏறத்தாழ இரண்டு மாதம் இழுக்கும் சோதனை அது. இரண்டு மாதத்தில் தாடி உண்மையாகவே தாடியாகிறது. முகத்தைப் பார்த்தே எத்தனை சுற்று தாண்டினார்கள் என்று சொல்லிவிடலாம். கோடிகளில் சம்பளம் வாங்குகிற நட்சத்திரமும் நேற்று அணியில் சேர்ந்த பையனும் ஒரே கோலத்தில் நிற்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளக் கொருக்குப்பேட்டைக்காரனுக்குக் கனடா போக வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறவரும், லாரி ஓட்டுகிறவரும், ஆபீஸ் கணக்கு எழுதுகிறவரும் துளசி மாலை போட்டு, வேட்டி கட்டி, செருப்பைக் கழற்றி, தாடி விட்டு, ஒருவரையொருவர் "சாமி" என்று அழைக்கத் தொடங்குகிறார்கள். நாற்பத்தொரு நாள். வேண்டுதல் பலித்த பிறகு போடும் மொட்டையிலிருந்து இது வேறுபட்டது. மொட்டை கொடுக்கல் வாங்கல், பலித்தால்தான் கடன். விரதமோ பலனுக்கு முன்பே செலுத்தப்படுவது, பலன் வராவிட்டாலும் திருப்பிக் கேட்க முடியாதது. ஐஸ் ஹாக்கித் தாடி இந்த இரண்டாவது வகை. நாம் அதை மூடநம்பிக்கை என்று தள்ளும்போது மொட்டைக்கணக்கில் வைத்துப் பார்க்கிறோம். விரதக்கணக்கில் வைத்தால்தான் அதன் நியாயம் தெரியும்: தன்னைத் தானே கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து, முடிவு எதுவானாலும் ஒரு நாள் அவிழ்த்துவிடுவது.

இப்படிப் பார்த்தால் ஆட்டக்காரனின் தாடிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். சிக்கல் ரசிகனின் தாடியில்தான் தொடங்குகிறது. அதற்கு மூன்று சோதனை வைக்கிறேன். போட்டியின் நீளமும் விரதத்தின் நீளமும் பொருந்துகின்றனவா? விரதம் இருப்பவருக்கும் களத்தில் இருப்பவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? கேலரியில் இருக்கிற எல்லோராலும் அதைக் கடைப்பிடிக்க முடியுமா?

முதல் சோதனையில் நம் ஊர்ப் பிரதி அப்பட்டமாகத் தோற்கிறது. 2023 ஐபிஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் தகுதி ஆட்டத்தைச் சேப்பாக்கத்தில் மே 23 அன்று ஆடியது. மழையால் ஒருநாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் மே 29 இரவு தொடங்கி நள்ளிரவைத் தாண்டி முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். அணி பிளே ஆஃபில் ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டம். ஒரு வாரத்தில் வளர்வது தாடி ஆகாது, சலூனுக்குப் போக மறந்ததற்குச் சான்று. ஹாக்கி இந்தியா லீக் இன்னும் மோசம். 2025இல் அரையிறுதிகளும் இறுதியும் அடுத்தடுத்த நாட்களில் முடிந்தன. தமிழ்நாடு டிராகன்ஸ் ரசிகன் தாடி வைப்பதாக இருந்தால் முகவாயில் நிழல்கூட விழுந்திருக்காது. இரண்டு மாத மலையேற்றத்துக்குத் தைத்த உடையை நாம் தெருமுனைக் கடைக்குப் போவதற்குப் போட்டுக்கொள்கிறோம்.

பொருந்துகிற இடமும் இருக்கிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளில் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்கள் ஏராளம். அந்த அணி 1967க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை. 2004க்கும் 2023க்கும் இடையில் ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை. பாஸ்டன் அணியிடம் மட்டும் 2013, 2018, 2019, 2024 என்று நான்கு முறை ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அந்த ரசிகனின் தாடி பெரும்பாலான ஆண்டுகளில் ஜூன் மாதத்தைப் பார்க்கும்முன் கழிந்துவிடுகிறது. அடுத்த ஏப்ரலில் மறுபடி வளர்க்கிறான். வென்றவனின் தாடியைவிட இவனுடைய தாடிக்கு நான் கூடுதல் மரியாதை தருவேன். தோல்விக்கு ஒரு தேதி, ஒரு சடங்கு, கண்ணாடி முன் சில நிமிடம் கிடைக்கிறது. நம் ஊரில் அணி தோற்றால் ரசிகனுக்குக் கிடைப்பது மீம் சண்டைதான். தோல்வியை முறையாக முடித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஐஸ் ஹாக்கி நமக்குப் பாடம் சொல்கிறது. அங்கே ஒவ்வொரு தொடரும் முடிந்ததும் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைகுலுக்குவதும் அதே பாடத்தின் மறுபாதி.

இரண்டாவது சோதனை கடுமையானது. நம் மரபில் சபதம் எடுப்பவர் யார்? புறநானூற்றில் தலையாலங்கானத்துப் போருக்குப் போகும் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்று வஞ்சினம் கூறுகிறான். களத்தில் இறங்குபவன் அவன்தான், இழப்பும் அவனுக்குத்தான். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் பாஞ்சாலி கூந்தலை முடியமாட்டேன் என்கிறாள். அவள் போர்க்களத்தில் ஆயுதம் எடுக்கவில்லை. ஆனால் அவமானம் அவளுடையது, போராட வேண்டியவர்கள் அவிழ்ந்த அந்தக் கூந்தலைப் பதின்மூன்று ஆண்டு தினமும் பார்த்தார்கள். முடியால் எடுத்த சபதத்துக்கு வலு வருவது அந்தப் பார்வையில்தான். கொருக்குப்பேட்டை ரசிகனின் தாடியை எந்த ஆட்டக்காரர் பார்க்கிறார்? செல்ஃபிக்கு விழும் லைக்கைத் தவிர அதற்குச் சாட்சி இல்லை. சிறிய ஊரில் ஒரே அரங்கைச் சுற்றி வாழும் ரசிகர் கூட்டம் முழுதும் தாடியோடு கேலரியில் உட்கார்ந்தால் அதை ஆட்டக்காரர்கள் காண்கிறார்கள், அங்கே தொடர்பு உண்டு. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து வளர்ப்பது அந்தத் தொடர்பின் நகல்.

மூன்றாவது சோதனையில் தாடி எந்த ஊரிலும் தேறாது. கேலரியில் பெண்களும் இருக்கிறார்கள். வடசென்னையில் பந்து உதைக்கிற, கேரம் அடிக்கிற, குத்துச்சண்டை பழகுகிற பெண்கள் எத்தனை பேர் என்று வியாசர்பாடி பக்கம் போனால் தெரியும். ரசிகன் என்பதற்கான அடையாளத்தை முகவாயில் வைத்தால் அவர்கள் தொடக்கத்திலேயே வெளியே நிற்கிறார்கள். ஆண்களிலும் எல்லோருக்கும் இது கைகூடாது. மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் வாயுக் கவசம் மாட்டி வேலை செய்கிறவருக்குச் சவரம் உயிர்ப் பாதுகாப்பு. முகத்தோடு ஒட்ட வேண்டிய ரப்பர் விளிம்பைத் தாடி ஒட்டவிடாது, இடைவெளியில் வாயு புகும். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு வழவழப்பான முகம் வேலை நிபந்தனை. ஆக, தாடி வளர்க்க முடிவதே ஒரு வசதி. நம்மிடம் இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. மேல்மருவத்தூர் சக்தி மாலை போடுகிறவர்களில் ஆணும் பெண்ணும் ஒரே செவ்வாடை உடுத்துகிறார்கள், இருமுடி சுமக்கிறார்கள். யாரும் உடலால் விலக்கப்படாத விரத வடிவம் சாத்தியம் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சான்று.

இங்கே ஒரு மறுப்பு வரும். ரசிகனின் விளையாட்டுத்தனத்தை இவ்வளவு கறாராக எடை போட வேண்டுமா, தாடியால் யாருக்கு என்ன நட்டம்? மறுப்பில் நியாயம் உண்டு. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதையும் தலைவருக்காக உடலை வருத்திக்கொள்வதையும் பார்த்த நமக்குத் தாடி பரம சாது. வடஅமெரிக்காவில் சில அணிகளின் ரசிகர்கள் தாடி வளர்த்து அதன் பேரில் நன்கொடை திரட்டி நற்பணிக்குக் கொடுக்கிறார்கள், அதுவும் வரவில் சேரும். ஆனாலும் ரசிகன் தன் பற்றை எதில் செலவிடுகிறான் என்பது அற்பக் கேள்வி இல்லை. பற்று அளவில்லாமல் ஊறுவதில்லை. முகத்தில் காட்டிவிட்டால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, ஆட்டத்துக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

இதைத் தமிழ்நாட்டு ஹாக்கியை வைத்தே சொல்கிறேன். 1980 மாஸ்கோவில் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2021இல் டோக்கியோவில், ஜெர்மனியை 5-4 என்று வென்று கிடைத்த வெண்கலம். நாற்பத்தொரு நாள் விரதம் தெரிந்த நமக்கு நாற்பத்தொரு ஆண்டு காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் இங்கே ஹாக்கியை உயிரோடு வைத்திருந்தவர்கள் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கின் வெயிலில் உட்கார்ந்து முருகப்பா கோப்பை ஆட்டங்களைப் பார்த்த சிலநூறு பேர். 2023 ஆகஸ்ட் 12 அன்று அதே அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, மலேசியாவை 4-3 என்று வீழ்த்தியது. அன்று அணியைத் தூக்கி நிறுத்தியதில் நிரம்பிய கேலரியின் இரைச்சலுக்கும் பங்குண்டு. 2025 டிசம்பர் 10 அன்று ஜூனியர் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றதும் அங்கேதான். அந்தப் போட்டிக்கு அனுமதி இலவசம். கொருக்குப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் எவ்வளவு தூரம்?

ஆகவே என் தீர்ப்பு இது. ஆட்டக்காரனின் தாடி ஏற்கத்தக்கது. அது கூட்டு விரதம், சோதனைக்கு ஏற்ற நீளம் அதற்கு உண்டு. இரண்டு மாதத் தொடரைத் தன் ஊர் அரங்கில் பின்தொடரும் ரசிகனின் தாடிக்குப் பாதி மதிப்பெண். தோல்வியை முறைப்படி முடித்து வைக்கும் பண்புக்காக அதைத் தருகிறேன், பெண்களையும் பல தொழிலாளிகளையும் வெளியே நிறுத்துவதால் மீதியைத் தரமாட்டேன். ஒரு வார ஐபிஎல் பிளே ஆஃபுக்கும் இரண்டு நாள் ஹாக்கி முடிவுக்கும் நாம் வளர்க்கும் தாடி கடன் வாங்கிய வேஷம், அதற்கு மதிப்பெண் இல்லை. நம் ரசிகனுக்குச் சபதம் வேண்டுமென்றால், ஆணும் பெண்ணும் எடுக்கக்கூடியதும் ஆட்டக்காரர் கண்ணில் படக்கூடியதுமான ஒன்று இருக்கிறது: சீசன் முடியும்வரை, நம் அணி வெளியேறிய பிறகும், ஒரு ஆட்டம் விடாமல் கேலரியில் போய் உட்காருவது. தாடி வளர்ப்பதைவிட அது கடினம், ஆட்டத்துக்குப் போய்ச் சேர்வதும் அதுதான்.