தறி வீட்டுக்கு வந்த தன்னார்வலர்

ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டுத்தறி பெரும்பாலும் வீட்டுக்குள்தான் ஓடுகிறது. சேலை முடிந்தால்தான் கூலி. பாவைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் அரைநாள் நிற்க முடியாது. அதனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பது இந்த ஊர்களுக்குப் பெரிய உபகாரம். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், கொரோனாவில் எழுத்து மறந்த பிள்ளைகளை மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் படிக்க உட்காரவைத்தது.

இரண்டுக்கும் பலம், வருகிற தன்னார்வலர் பழகிய முகம் என்பது. மாத்திரையை நிறுத்தியவர் யார், பள்ளிக்குப் போகாத பிள்ளை எது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைக் கேட்க முடிகிறதா?

கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட ஒரு துணையாள் வேண்டும். கூலியாள் கட்டுப்படியாகாத வீட்டில் அந்த இடம் பிள்ளைக்குப் போகிறது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. பள்ளி நேரம் போனால் மிஞ்சுவது மாலை, வகுப்பும் அப்போதுதான். பிள்ளையை அனுப்பச் சொல்லும் தன்னார்வலரின் வீடும், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தறி வேலை கொடுக்கும் முதலாளியிடமே முன்பணம் வாங்கியிருக்கலாம். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையை நம்பி அவர் யாரைப் பகைத்துக்கொள்வார்?

மருத்துவத்தில் சிக்கல் வேறு: வீட்டுக்கு வருவதும் வீட்டுக்கு வேண்டியதும் பொருந்தவில்லை. நாளெல்லாம் தறிக்குழிக்குள் மிதி மிதிப்பவருக்கு முதலில் போவது இடுப்பும் முழங்காலும். இயன்முறை சிகிச்சை திட்டத்தில் இருக்கிறது. ஆனால் முடங்கிப்போனவரை மனத்தில் வைத்தே அது அமைந்திருக்கிறது.

போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழருக்காக 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை இங்கே நினைக்கிறேன். அங்கே அகதிகளே அமைப்பை நடத்தினார்கள்; எது முதலில் வேண்டும் என்பதில் அவர்கள் சொல்லுக்கு இடமிருந்தது. நம் திட்டங்களில் என்ன செய்வது என்ற பட்டியல் சென்னையில் தயாராகிறது, தெரு அதைச் சுமக்கிறது.

தெருவின் சொல்லுக்கு இடம் தர ஓர் அமைப்பு இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. தலைவரும் பெற்றோரில் ஒருவரே. தறியில் உட்காரும் பிள்ளைகளின் கணக்கை அந்தக் குழு எடுக்கட்டும், வகுப்பு நேரத்தையும் அதுவே குறிக்கட்டும். துணையாள் கூலியைச் சேலைக்கூலியோடு சேர்த்துக் கொடுக்கும்படி முதலாளிகளிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் பேசுவதை, ஒற்றைத் தன்னார்வலர் தலையில் கட்டாமல், குழுவே ஏற்க வேண்டும்.