ராயர் மெஸ்ஸுக்கும் தக்ஷினுக்கும் ஒரே அளவுகோலா?

ஹோட்டல் ரிவ்யூக்களில் எனக்குப் பிடிக்காதது அந்த 5 நட்சத்திரச் சராசரிதான். மயிலாப்பூர் அருண்டேல் தெருவில், ஒரு சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸுக்குக் காலையிலேயே போறவங்க கெட்டிச் சட்னிக்காகப் போறாங்க. ‘ஆம்பியன்ஸ் இல்லை’ன்னு அங்கே ஒரு நட்சத்திரத்தைக் குறைச்சா என்ன அர்த்தம்?

டிடிகே சாலை நட்சத்திர ஹோட்டலில் 1989-இல் தொடங்கிய தக்ஷின் வேற கேஸ். தென்மாநிலங்கள் நான்கின் சமையலும், வெள்ளித் தட்டில் வாழையிலை போட்டு வரும். விலையில் சூழலும் சேர்த்தி. அதுக்கு மார்க் போடலாம், போடணும்.

அந்த ஹோட்டலை 2023 டிசம்பரில் மூடிட்டாங்க. இனி அங்கே போய்ச் சாப்பிட முடியாது, ரிவ்யூவைப் படிக்கத்தான் முடியும். ‘சர்வீஸ் சூப்பர், 5/5’ என்பதை வச்சு, ரசம் எப்படி இருந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?