சுழியம் காணாமல் போனால் யார் பொறுப்பு?

2009 ஏப்ரல் 12-இல் பிறந்த ஒரு மாணவரின் மைகாட் எண் 090412 என்று தொடங்கும். அந்த 12 இலக்கங்களையும் இடைக்கோடு இல்லாமல் எக்செலில் தட்டிப் பாருங்கள். முன்னால் உள்ள சுழியம் போய்விடும். மிஞ்சுவது 11 இலக்கம்தான். 2000-இல் பிறந்தவருக்கு குறைந்தது இரண்டு சுழியம் போகும்.

சரி, ஒன்றில் தொடங்கும் எண் உள்ள தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தப்பித்தார்களா? அதுவும் இல்லை. 2015 ஏப்ரல் 12-இல் பேராக்கில் பிறந்த பிள்ளையின் எண் 150412-08 என்று போகும். இதையும் கோடு இல்லாமல் தட்டினால் 1.50412 என்று காட்டி, பின்னால் ‘ஈ’ எழுத்தையும் 11-ஐயும் ஒட்டிவிடும். அது அறிவியல் குறியீடு. அந்தக் கோப்பை சி.எஸ்.வி. வடிவில் சேமித்தால், கண்ணுக்குத் தெரிவது மட்டுமே பதிவாகும். மறுபடி திறந்தால் 150412000000. அன்றைக்குப் பேராக்கில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எண்! பாகான் செராயின் அஞ்சல் குறியீடு 34300, அதற்கு ஆபத்தில்லை. கூலிமின் 09000 மட்டும் 9000 ஆகிவிடும். ‘பத்துக்கு ஏழு’ என்று 7/10 போட்டால் அது அக்டோபர் 7 ஆகும்.

இது நம் பள்ளி அலுவலகத்துத் தலைவலி மட்டும் அல்ல. மரபணு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதே தொல்லையை அனுபவித்தார்கள். மார்ச்1, செப்ட்2 என்று பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றியது. 2004-இலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைசியில் என்ன ஆனது? மென்பொருள் மாறவில்லை, மரபணுவின் பெயர் மாறியது! பெயரிடும் குழு மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் செப்ட்2-ஐ செப்டின்2 என்றும் மாற்றியது; 2020-இல் அதன் வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிய கதைதான்.

எக்செல் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அது கணக்குப் பார்க்கப் பிறந்த கருவி. விலையும் வரவு செலவும் எழுதுபவருக்கு முன்சுழியம் தேவையில்லை. 7/10 என்றால் தேதிதான். ஊகிப்பது குற்றம் இல்லை. கேட்காமல், சொல்லாமல் மாற்றுவதுதான் குற்றம். எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடத் தெரிந்த நிறுவனத்துக்கு, ‘சுழியத்தை நீக்கட்டுமா?’ என்று கேட்கத் தெரியாதா? இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் தெரிவையே மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் பரவலாகக் கொடுத்தது. பழைய பதிப்புகளில் அது கிடையாது. புதியதிலும் நாமே தேடிப் போய் நிறுத்த வேண்டும்.

பட்டியல் பொருந்தவில்லை என்றதும் ‘டீச்சர் கவனிக்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் சரியாகத்தான் தட்டியிருப்பார். ஆனால் பிழையான எண்ணோடு போகும் பெயர் ஒரு பிள்ளையுடையது. தேர்வுப் பதிவோ உதவித்தொகையோ, எண் பொருந்தாவிட்டால் அலைவது அந்தக் குடும்பம்தான். ஆகவே குறை சொல்வதோடு நிறுத்தாமல் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வோம்.

ஒன்று, எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போன சுழியம் தானாகத் திரும்பி வராது.

இரண்டு, சி.எஸ்.வி. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். ‘டேட்டா’ பட்டியல் வழியாக இறக்கி, எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள்.

மூன்று, அனுப்பும் முன் ஒவ்வோர் எண்ணிலும் 12 இலக்கம் இருக்கிறதா என்று ‘லென்’ சூத்திரத்தால் சரிபாருங்கள். முன்சுழியம் மட்டும் போயிருந்தால் மீட்கலாம், சி.எஸ்.வி.யில் கடைசி ஆறு இலக்கம் போயிருந்தால் மூலப் பதிவைத்தான் தேட வேண்டும்.

கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்களே, தரவு வகை பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். மைகாட் எண்ணை யாரும் கூட்டுவதில்லை, சராசரி எடுப்பதில்லை. இலக்கங்களால் எழுதப்பட்டிருந்தாலும் அது எண் அல்ல, ஒருவரின் பெயர். பெயரின் முதல் எழுத்தை நீக்க எந்த மென்பொருளுக்கும் உரிமை கிடையாது.